குமாருக்கு வெள்ளி, ஜாக்குக்கு சனி... ஞாயிற்றுக்கிழமைக்கு யாரு? வாண்டர்பில்ட் கல்லூரி அணியின் பந்துவீச்சு கணக்கு

நாஷ்வில்: பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் ரசிகர்கள் வாயில் ஒரே கேள்விதான். "இந்த வருஷம் நம்ம டீமுக்கு பந்து வீசப்போறது யாரு?"

பேட்டிங்கைப் பற்றி அப்புறம்தான் பேச்சு. முதலில் பிட்சர்கள். போன வருஷம் இருந்தவர்களில் யார் போய்விட்டார்கள், யார் மிச்சம், பள்ளிக்கூடத்தில் இருந்து புதுசாக வந்த பையன் எத்தனை மைல் வேகத்தில் வீசுகிறான் என்று டீக்கடை பெஞ்சு அரசியல் ரேஞ்சுக்கு விவாதம் தூள் பறக்கும்.

இந்தக் கணிப்புகள் எந்த இடத்தில் சரியாக இருக்கும், எந்த இடத்தில் காலை வாரும் என்பதைத் தெரிந்துகொள்ள 2021ம் ஆண்டு வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணியைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த அணியில் இரண்டு சூரப்புலிகள் இருந்தனர். அதில் ஒருவர் பெயர் குமார்!

மூணு நாள் யுத்தம்

டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில். நாட்டுப்புற இசைக்குப் பேர் போன ஊர். அங்கே 1873ல் தொடங்கப்பட்ட தனியார் பல்கலைக்கழகம் வாண்டர்பில்ட். படிப்புக்குத்தான் முதல் மரியாதை. விளையாட்டில் அக்கம்பக்கத்து அரசுப் பல்கலைக்கழகங்களிடம் உதை வாங்குவதுதான் பல காலம் அதன் தலையெழுத்தாக இருந்தது.

2003 சீசன் முதல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற டிம் கார்பின்தான் பேஸ்பாலில் அதை மாற்றிக் காட்டினார். 2014லும் 2019லும் தேசிய சாம்பியன் பட்டம். டேவிட் பிரைஸ், சோனி கிரே, வாக்கர் பியூலர் என்று இங்கிருந்து கிளம்பி தொழில்முறை லீக்கில் கொடி நாட்டிய பிட்சர்களின் வரிசை நீளம். டேவிட் பிரைஸ் 2007ம் ஆண்டு டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வானவர் என்பது குறிப்பிடத்தக்கது.

கல்லூரி சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. வழக்கமான சீசனில் ஒரு அணிக்கு அதிகபட்சம் 56 ஆட்டம். முக்கியமான மோதல்கள் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் தொடர்ச்சியாக, ஒரே எதிரணியுடன் நடக்கும். நடுவில் செவ்வாய் அல்லது புதன்கிழமை பக்கத்து ஊர் அணியுடன் ஒரு ஆட்டம்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒரு பவுலர் இன்றைக்கு நாலு ஓவர் போட்டுவிட்டு நாளைக்கும் வந்து போடலாம். பேஸ்பாலில் அது நடக்காது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் 18.44 மீட்டர் தூரத்தில் ஒரு மண்மேட்டில் நின்றுகொண்டு, ஓட்டம் எதுவும் இல்லாமல், கையையும் உடம்பையும் சுழற்றி மணிக்கு 150 கிலோ மீட்டர் வேகத்தில் வீசுகிறார். அதுவும் ஒரே நாளில் 100 தடவை. மறுநாள் தலை சீவக்கூட கை தூக்க முடியாது. அதனால் ஒருமுறை வீசினால் அடுத்த வாரம்தான்.

ஆகவே மூன்று நாளுக்கு மூன்று ஆள் வேண்டும். இருப்பதிலேயே சிறந்தவர் வெள்ளிக்கிழமை ஆள். அடுத்தவர் சனி. மூணாவது ஆள் ஞாயிறு. இவர்களுக்குக் கை ஓய்ந்தால் நடுவில் வந்து தாங்க நாலைந்து ரிலீவர்கள். கடைசி இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்துத் தர ஒரு குளோசர். ஒரு கல்லூரி அணியின் பந்துவீச்சு என்றால் இவ்வளவும் சேர்ந்ததுதான்.

யார் இந்த குமார்?

குமார் ராக்கர். 1999 நவம்பரில் அலபாமா மாநிலம் மான்ட்காமரியில் பிறந்தவர். அப்பா டிரேசி ராக்கர், அமெரிக்க கால்பந்தில் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1988ல் அவுட்லேண்ட், லொம்பார்டி என்ற இரண்டு பெரிய விருதுகளையும் ஒரே வருஷத்தில் தட்டிச் சென்ற பலசாலி. அம்மா லூ, இந்திய வம்சாவளி. அம்மாவைப் பெற்றவர்கள் இந்தியாவில் இருந்து போய் குடியேறியவர்கள். பையனுக்கு குமார் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

6 அடி 5 அங்குலம் உயரம், சுமார் 110 கிலோ எடை. அப்பா மாதிரி கால்பந்துக்குப் போயிருக்க வேண்டிய உடம்பு. பேஸ்பாலுக்கு வந்துவிட்டது.

இந்தியா, பேஸ்பால் என்றதும் சிலருக்கு 2008ல் ஒரு டி.வி. போட்டியில் ஜெயித்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் சேர்ந்த உத்தரப் பிரதேச இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் ஞாபகத்துக்கு வரலாம். அது வேறு கதை. அவர்கள் இந்தியாவில் இருந்து போனவர்கள். குமார் அங்கேயே பிறந்து, ஜார்ஜியா மாநிலப் பள்ளி ஒன்றில் விளையாடி வளர்ந்தவர்.

2018ல் பள்ளிப் படிப்பு முடித்தபோதே தொழில்முறை அணிகள் இவரை வட்டமிட்டன. ஆனால் கல்லூரிக்குப் போவதில் இவர் உறுதியாக இருந்தார். அதனால் முதல் சுற்றில் போயிருக்க வேண்டியவரை கொலராடோ ராக்கீஸ் அணி 38வது சுற்றில் சும்மா ஒப்புக்குத் தேர்வு செய்தது. குமார் கண்டுகொள்ளவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு நாஷ்வில் வந்து சேர்ந்தார்.

முதல் வருஷம் எடுத்த எடுப்பிலேயே பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் சீசன் போகப் போக பையன் சூடுபிடித்தார். 2019 ஜூன் 8ம் தேதி டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த நிலைமையில் 131 பந்து வீசி, 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்து, ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். இதற்கு நோ-ஹிட்டர் என்று பெயர். 9 இன்னிங்ஸ் முழுக்க எதிரணியில் ஒருத்தன்கூட உருப்படியாக அடித்து முதல் பேஸை எட்டவில்லை என்று அர்த்தம். தேசியப் போட்டியின் சூப்பர் ரீஜினல் கட்டத்தில் அதற்கு முன் யாரும் செய்யாத சாதனை அது.

இறுதிச் சுற்றில் மிச்சிகன் அணியுடன் முதல் ஆட்டத்தை வாண்டர்பில்ட் தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் குமார் 11 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்து அணியை மீட்டார். மூன்றாவதையும் ஜெயித்து கோப்பை வந்தது. தொடரின் சிறந்த வீரர் விருதும் குமாருக்கே.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், 2019ல் குமார் மட்டும் இல்லை. டிரேக் ஃபெல்லோஸ், மேசன் ஹிக்மன், பேட்ரிக் ரேபி என்று தொடங்குவதற்கு ஆள் இருந்தது. முடித்துத் தர டைலர் பிரவுன் இருந்தார். அந்தக் கூட்டத்தில் குமார் ஒருவர். அவ்வளவுதான்.

பற்ற வைத்த லைட்டர்

இன்னொரு புலி, ஜாக் லைட்டர். நியூஜெர்சி பையன். அப்பா அல் லைட்டர் 19 சீசன் மேஜர் லீக்கில் பந்து வீசியவர். 1996ல் ஃப்ளோரிடா மார்லின்ஸ் அணிக்காக நோ-ஹிட்டர் போட்டவர்.

2019ல் நியூயார்க் யாங்கீஸ் அணி ஜாக்கை 20வது சுற்றில் தேர்வு செய்தது. இவரும் குமார் மாதிரியே "காலேஜ்தான்" என்று சொல்லிவிட்டு வாண்டர்பில்ட் வந்தார். 2020 பிப்ரவரியில் முதல் ஆட்டம். 5 இன்னிங்ஸில் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் 12 பேரை ஸ்ட்ரைக்-அவுட். பேருக்கு ஏற்ற மாதிரி பற்ற வைத்துவிட்டார் என்று ரசிகர்கள் குதித்தார்கள்.

குதித்து ஒரு மாசம்கூட நீடிக்கவில்லை. வந்தது கொரோனா. 2020 மார்ச் 12ம் தேதி சீசனே ரத்து. வாண்டர்பில்ட் ஆடியிருந்தது வெறும் 18 ஆட்டம். 13 வெற்றி, 5 தோல்வி. குமாரும் ஜாக்கும் ஆளுக்கு 15 இன்னிங்ஸ் சுமாருக்கு வீசியதோடு சரி.

2021 தொடங்கும்போது கையில் இருந்தது என்ன?

இப்படி ஒரு வருஷம் அப்படியே காணாமல் போன நிலையில்தான் 2021 சீசன் வந்தது. கணிப்பாளர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். நாட்டிலேயே இப்படி ஒரு ஜோடி எந்தக் கல்லூரியிலும் கிடையாது. வெள்ளிக்கிழமை குமார், சனிக்கிழமை ஜாக். வாரத்துக்கு இரண்டு வெற்றி இப்பவே எழுதி வெச்சுக்கோங்க என்ற ரேஞ்சுக்குப் பேச்சு.

குமாரின் ஆயுதம் ஸ்லைடர். வேகப் பந்து மாதிரியே கிளம்பி வந்து, பேட்டைச் சுழற்றும் நேரத்தில் பக்கவாட்டில் சறுக்கிக் கீழே இறங்கிவிடும். பேட்ஸ்மேன் காற்றில்தான் வீசுவார். ஜாக் உயரத்தில் குமாரைவிட நாலு அங்குலம் குறைச்சல். ஆனால் இவர் வேகப் பந்து கீழே இறங்காமல் மேலேயே வருவது போலத் தெரியும். அதற்கு நேர்மாறாக ஒரு கர்வ்பால், மேலிருந்து பொத்தென்று விழும். இரண்டையும் மாற்றி மாற்றி வீசினால் எதிரில் நிற்பவர் கதி அதோகதிதான்.

சரி, மூணாவது ஆள்? இதைத்தான் அந்தப் பிப்ரவரியில் நிறையப் பேர் பெரிசா கண்டுகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி காலியாக இருந்தது. 2020 டிராஃப்ட், கொரோனா காரணமாக வெறும் 5 சுற்றாகச் சுருங்கியது. அப்படிச் சுருங்கிய டிராஃப்டிலும் வாண்டர்பில்ட்டில் இருந்து டைலர் பிரவுன், ஜேக் ஈடர், மேசன் ஹிக்மன் என்று மூன்று பிட்சர்கள் தேர்வாகிப் போய்விட்டனர். அனுபவசாலிகள் மொத்தமாகக் காலி. மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலோர் முதல் வருஷம், இரண்டாம் வருஷம் பையன்கள். அவர்களுக்கும் 2020ல் ஆடிப் பழக மைதானமே கிடைக்கவில்லை.

அதில் ஒருவர் கிறிஸ்டியன் லிட்டில். செயின்ட் லூயிஸ் பகுதியைச் சேர்ந்தவர். பள்ளிப் படிப்பை ஒரு வருஷம் முன்கூட்டியே முடித்துக்கொண்டு கல்லூரிக்கு வந்துவிட்ட பையன். 2021 சீசன் நடந்தபோது 18 வயசுகூட நிரம்பவில்லை. திறமை இருக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் 17 வயசுப் பையனின் தோளில் ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இன்னொரு வேடிக்கை. அந்த சீசனுக்கு முன் வந்த தரவரிசைகளில் முதலிடம் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு. கடைசியில் அந்த அணி சொந்த ஊரில் நடந்த முதல் சுற்றில் இரண்டு ஆட்டத்தையும் தோற்று வெளியேறியது. சீசனுக்கு முந்தைய தரவரிசையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பட்டியலைப் பார்ப்பது எப்படி?

சீசனுக்கு முன் ஒரு பிட்சரைப் பற்றி வரும் புள்ளிவிவரங்களில் மூன்றைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஈ.ஆர்.ஏ. எனப்படும் ரன் சராசரி. 9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு. ஃபீல்டர்கள் சொதப்பியதால் வந்த ரன்களை பிட்சர் தலையில் கட்ட மாட்டார்கள். கல்லூரியில் மூன்றுக்குக் கீழே இருந்தால் ஆள் கெட்டிக்காரர். கல்லூரிகளில் மர பேட் கிடையாது, உலோக பேட்தான். பந்து சீறும். அதை வைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் அருமை புரியும்.

இரண்டாவது ஸ்ட்ரைக்-அவுட். யார் உதவியும் இல்லாமல் பிட்சர் தானே எடுக்கும் விக்கெட் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் நிஜமான பரீட்சை. வாக். அதாவது அடிக்க முடியாத இடத்தில் நாலு பந்தை வீசிவிட்டால் பேட்ஸ்மேன் ஹாயாக நடந்து முதல் பேஸுக்குப் போய்விடலாம். நம்மூர் வைடு மாதிரி என்றாலும் அதைவிட ஆபத்து. வேகம் இருக்கும், குறி இருக்காது. இளம் பிட்சர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். மைல் கணக்கில் வேகத்தைச் சொல்லிப் புகழும்போது வாக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் உஷாராகிவிட வேண்டும்.

இதெல்லாம் போக, இலையுதிர் காலத்தில் அணி வீரர்களே இரண்டாகப் பிரிந்து ஆடும் பயிற்சி ஆட்டங்கள் உண்டு. அங்கே யார் எப்படி வீசினார் என்று பயிற்சியாளர்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

கணிப்பு பலித்தது... பாதி

2021 சீசன் தொடங்கியதும் குமார், ஜாக் விஷயத்தில் கணிப்பு அப்படியே பலித்தது.

மார்ச் 20ம் தேதி சவுத் கரோலினா அணிக்கு எதிராக ஜாக் வந்தார். முதல் பேட்ஸ்மேனுக்கு வாக் கொடுத்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு வந்த 27 பேரையும் வரிசையாக அனுப்பிவைத்தார். 16 ஸ்ட்ரைக்-அவுட். நோ-ஹிட்டர்! அப்பா 25 வருஷத்துக்கு முன் செய்ததைப் பையன் கல்லூரியிலேயே செய்து முடித்தார். அதோடு விட்டாரா? அடுத்த வாரம் மிசௌரி அணிக்கும் 7 இன்னிங்ஸ் ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை.

குமார் 14 வெற்றி, 4 தோல்வி, ரன் சராசரி 2.73. ஜாக் 11 வெற்றி, 4 தோல்வி, ரன் சராசரி 2.13. ஸ்ட்ரைக்-அவுட் கணக்கில் இரண்டு பேருமே 179! பேசி வைத்த மாதிரி ஒரே எண்ணில் நின்று நாட்டிலேயே முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டனர்.

அணியும் ஜூன் மாதம் நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே 8 அணிகள். ஆட்டங்கள் வார இறுதி என்று பார்த்து வராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில சமயம் அடுத்தடுத்த நாள். வெள்ளி, சனி, ஞாயிறு கணக்கு எல்லாம் அங்கே செல்லாது.

ஜூன் 21ம் தேதி நார்த் கரோலினா ஸ்டேட் அணியுடன் ஜாக் 15 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். ஆனாலும் ஒரே ஒரு ஹோம் ரன்னில் 1-0 என்று தோல்வி. சொந்த அணி ஒரு ரன்கூட எடுக்காவிட்டால் பிட்சர் என்னதான் செய்வார் பாவம்! பிறகு அதே அணியுடன் 25ம் தேதி மறுபடி மோதல். எதிரணியில் கொரோனா பிரச்னையால் விளையாட இருந்ததே 13 பேர்தான். குமார் வீசினார், 3-1 என்று வாண்டர்பில்ட் வென்றது. மறுநாள் நடக்க வேண்டிய ஆட்டமே கொரோனா விதிகளால் ரத்தாகி, வாண்டர்பில்ட் இறுதிச் சுற்றுக்குப் போனது. நார்த் கரோலினா ஸ்டேட் ரசிகர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் லேசில் அடங்கவில்லை.

இறுதிச் சுற்றில் எதிரணி மிசிசிப்பி ஸ்டேட். மூன்றில் இரண்டு ஜெயித்தால் கோப்பை.

முதல் ஆட்டம், ஜூன் 28. ஜாக் வீசினார். 8-2 வெற்றி. இன்னும் ஒன்றே ஒன்று.

இரண்டாவது ஆட்டம், ஜூன் 29. குமாருக்குக் கை இன்னும் ஆறவில்லை. யாரை அனுப்புவது? பிப்ரவரியில் பாதிப் பேர் கேட்காமல் விட்ட கேள்வி ஜூன் கடைசியில் வாசலில் வந்து நின்றது. கிறிஸ்டியன் லிட்டிலை அனுப்பினார்கள். 17 வயசுப் பையன், நாடே பார்க்கும் ஆட்டம். சீக்கிரமே மாற்றவேண்டியதாகிவிட்டது. பின்னால் வந்தவர்களும் வாக் மேல் வாக் கொடுத்து ரன்களைத் தாரை வார்த்தனர். 13-2 என்று படுதோல்வி.

எதிரணிக்கு அன்றைக்கு வீசியது யார் தெரியுமா? ஹூஸ்டன் ஹார்டிங், பிரெஸ்டன் ஜான்சன். பத்திரிகைகள் ஜோடி போட்டு எழுதிய பெயர்கள் இல்லை. ஹார்டிங் தொடங்கிவைத்தார், ஜான்சன் வந்து கதவைச் சாத்தினார். மூணாவது, நாலாவது ஆள் என்றால் அப்படி இருக்கணும்.

மூன்றாவது ஆட்டம், ஜூன் 30. 25ம் தேதி வீசிய கையோடு குமார் மறுபடி மேட்டில் ஏறினார். வழக்கமாக ஒரு வாரம் ஓய்வு எடுக்கும் கை அது. பழைய குமாராக அன்று அவரைப் பார்க்க முடியவில்லை, ஐந்தாவது இன்னிங்ஸிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் வில் பெட்னார், இவரைவிடக் குறைந்த ஓய்வில் வந்து 6 இன்னிங்ஸ் ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. 9-0. மிசிசிப்பி ஸ்டேட் எந்தக் குழு விளையாட்டிலும் வாங்காத முதல் தேசிய பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது.

குறைந்த ஓய்வில் இரண்டு பேர். ஒருவர் சாதித்தார், ஒருவர் சறுக்கினார். ஆகவே ஓய்வு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டாவது நாளில் வாண்டர்பில்ட்டிடம் இன்னொரு நம்பகமான கை இருந்திருந்தால், மூன்றாவது நாளே வந்திருக்காது.

கைக்கு என்ன விலை?

ஆட்டம் முடிந்த 11 நாளில் டிராஃப்ட். ஜாக்கை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி 2வது ஆளாகத் தூக்கியது. ஒப்பந்தப் பணம் சுமார் 79 லட்சம் டாலர். குமாரை 10வது ஆளாக நியூயார்க் மெட்ஸ் எடுத்தது. 60 லட்சம் டாலர் என்று பேச்சு முடிந்தது.

அப்புறம்தான் இடி. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு மெட்ஸ் ஒப்பந்தம் போட மறுத்தது. 2021 ஆகஸ்ட் 1ம் தேதி கெடு முடிந்தது. நாட்டிலேயே பெயர் பெற்ற கல்லூரி பிட்சர், கையில் ஒரு பைசா இல்லாமல் நின்றார். அடுத்த மாதம் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை.

குமார் சும்மா உட்காரவில்லை. 2022ல் டிரை-சிட்டி வேலிகேட்ஸ் என்ற சின்ன அணியில் சேர்ந்து 5 ஆட்டம், 20 இன்னிங்ஸ் வீசினார். 32 ஸ்ட்ரைக்-அவுட், ரன் சராசரி 1.35. "கை இருக்கு, பாத்துக்கோங்க" என்று காட்டினார். அந்த வருஷம் டிராஃப்டில் 3வது ஆளாக அதே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் தேர்வு செய்தது. 52 லட்சம் டாலர். கல்லூரி ஜோடி மறுபடி ஒரே கூரைக்குக் கீழே!

சோதனை அதோடு தீரவில்லை. 2023 மே மாதம் குமாருக்கு முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்ததால் வந்த பெயர். முழங்கையின் உள்பக்கத்தில் எலும்புகளைக் கட்டிப் பிடிக்கும் நார் அறுந்துபோனால், உடம்பின் வேறு இடத்தில் இருந்து ஒரு நாரை எடுத்து அங்கே கட்டுவார்கள். மறுபடி களத்துக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அந்தக் காலத்தில் அதிசயமாகப் பார்க்கப்பட்ட இந்த ஆபரேஷன், பிட்சர்கள் மத்தியில் சகஜமாகிவிட்டது. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

2024 ஏப்ரல் 18ம் தேதி ஜாக் மேஜர் லீக்கில் அறிமுகமானார். டெட்ராய்ட்டில் நாலு இன்னிங்ஸ்கூடத் தாண்டாமல் 7 ரன் கொடுத்தார். அணி எப்படியோ 9-7 என்று ஜெயித்துவிட்டது. குமார் அதே வருஷம் செப்டம்பர் 12ம் தேதி சியாட்டிலில் அறிமுகம். 4 இன்னிங்ஸ், 7 ஸ்ட்ரைக்-அவுட், ஒரே ரன். 2025ல் இரண்டு பேருமே ரேஞ்சர்ஸுக்காக ஆட்டங்களைத் தொடங்கி வீசினர்.

லிட்டில் என்ன ஆனார்?

அந்த 17 வயசுப் பையன் வாண்டர்பில்ட்டை விட்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2023ல் அந்த அணியில் பால் ஸ்கீன்ஸ் என்ற அசுர பிட்சர் இருந்தார். 209 ஸ்ட்ரைக்-அவுட். டிராஃப்டில் முதல் ஆள். ஒமாஹா இறுதிச் சுற்றுக்கு அணி வந்தபோது ஸ்கீன்ஸ் அரையிறுதியிலேயே வீசிக் களைத்திருந்தார். இறுதிச் சுற்றில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை.

எதிரணி ஃப்ளோரிடா. முதல் ஆட்டத்தில் டை ஃப்ளாய்ட் வந்து 17 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், 4-3 வெற்றி. இரண்டாவது ஆட்டத்தில் 24-4 என்று செம அடி. எல்லோரும் ஸ்கீன்ஸ் வருவாரா, வருவாரா என்று புல்பென்னையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது நாளில், தாட்சர் ஹர்ட் என்ற இளைஞர் மேட்டில் ஏறினார். முதல் இன்னிங்ஸிலேயே 2 ரன் கொடுத்தார். அதற்கு அப்புறம் ஒன்றுமே கொடுக்கவில்லை. 6 இன்னிங்ஸ் தாங்கினார். 18-4 என்று லூசியானா ஸ்டேட் கோப்பையைத் தூக்கியது. சாம்பியன் அணியின் வீரர்கள் பட்டியலில் கிறிஸ்டியன் லிட்டில் பெயரும் இருந்தது.